சுண்ணாம்பு மூச்சு, மீள் 5–6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. ஆனால் உன்மேல் கொலைக் கோபத்தில் இருக்கிறேன், அதனால் நலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போனில் திட்டினால் பாதியிலேயே குரல் போய்விடும், மீதித் திட்டு வீணாகும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. உட்கார்ந்து முழுவதும் படி.

போன மாதம் நீ எங்கள் நிலைய மேலாளருக்குப் போன் செய்திருக்கிறாய். இல்லை என்று சாதிக்காதே. வெள்ளிக்கிழமை மதியம் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். "உங்க தம்பியே சொல்லிட்டாரேம்மா, அக்காவால இனிமே முடியாது, முடிஞ்சு போச்சுன்னு. வீட்டுல இருக்கறவங்களே ஒத்துக்கிட்ட அப்புறம் நாங்க என்ன பண்றது?" என்றார். நீ சொன்னதைக் குறிப்பெடுத்து என் கோப்பிலும் வைத்திருக்கிறார்.

பத்தொன்பது வருடமாக அந்தப் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொன்னவள் நான். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், நாளை முதல் தொலைந்த பொருட்கள் அறையில் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவல். நிரந்தரமாக. மைக்கில் பதிவு செய்த குரல் பேசும். அந்தக் குரலை நான் கேட்டேன். மழையில் நனைந்து நிற்கிற கூட்டத்திடமும் பற்பசை விளம்பரம் போலச் சிரித்துக்கொண்டே பேசுகிறது.

உன்மேல் எனக்கிருந்த கோபத்தைவிட, நீ சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. குரல் நாணில் ஒரு பக்கம் இன்னும் ஒழுங்காக அசையவில்லை. ஒரு வருடம் வரை பார்க்கலாம், வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்கிறார் மருத்துவர். கிசுகிசுப்பது கத்துவதைவிடக் கெடுதலாம், பேச்சுப் பயிற்சி தருகிற பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே ரகசியம் பேசவும் எனக்கு உரிமை இல்லை. சில நாள் காலையில் இருபது நிமிடம் கணீரென்று வருகிறது. சில நாள் "நான்காம்" என்று தொடங்கி, "நடைமேடை" வருவதற்குள் காற்று மட்டும் வருகிறது. ஒரு முறை அப்படி நின்றுபோனதில் ஒரு குடும்பமே வண்டியைத் தவறவிட்டது. புகார் எழுதினார்கள். நியாயமான புகார்தான்.

ஆகவே படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பெயர், பணி எண் எல்லாம் நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. திங்கட்கிழமை போட்டுவிடலாம் என்று குளிர்பெட்டி மேல் வைத்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அக்கா ஒன்றும் பிறவி வீராங்கனை இல்லை.

நடுவில் சனிக்கிழமை வந்தது. நீ ஊரைவிட்டுப் போனபின்னும் நம் சாப்பாட்டு மேஜையில், ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுகிற சனிக்கிழமை மதியக் கதை விளையாட்டு நிற்கவில்லை. இப்போது ஆடுபவர்கள் இருவர்தான். மருந்துக்கடை அம்மா ஒருவர். மற்றவர் நம் லிஃப்ட். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கு மட்டும் நாலு மாடி படியேறி மூச்சு வாங்க வருகிற அதே மனிதர். அவருடையது வில்லாளி, அம்மாவுடையது மந்திரக்காரி, கதை சொல்வதும் பூதங்களை ஆட்டிவைப்பதும் நான். உன் கவசக்காரனைக் குதிரைகளுக்குக் காவலாக விட்டிருக்கிறோம். அவன் கேடயத்தை மட்டும் கடன் வாங்கினார்கள். அது என்ன ஆயிற்று என்பதைக் கேட்காதே.

கதையில் இப்போது ஒரு சுரங்கம், உள்ளே ஒரு கிழட்டு டிராகன். நெருப்புக்குப் பதில் கொதிக்கிற சுண்ணாம்பை ஊதுகிற ஜாதி. நீதான் போவதற்குமுன் அதன் திறமைகளையெல்லாம் நீள நோட்டில் தமிழில் எழுதி வைத்தாய். குரலை மிச்சம் பிடிக்கலாமே என்று, அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டும் வேலையை மருந்துக்கடை அம்மாவிடம் கொடுத்திருந்தேன். அங்கேதான் வினை.

நீ எழுதியிருப்பது இப்படி. "மறைதல், நாள் 3." அதற்குக் கீழே, "சுண்ணாம்பு மூச்சு, மீள் 5–6." எழுத்தைச் சிக்கனம் பிடிக்கிற உன் புத்தி எங்கே போகும்? அந்த அம்மா முப்பது வருடம் மருந்துச் சீட்டு படித்தவர். முதல் வரியை "நாளைக்கு மூணு வேளை" என்று சரியாகவே படித்தார். அதே வேகத்தில் அடுத்த வரியைப் பார்த்து, "மீள்னா திரும்பத் திரும்ப. அஞ்சாறு வேளை" என்று லிஃப்டிடம் சொல்லிவிட்டார். நான் அப்போது தொண்டைக்கு வெந்நீர் குடிக்க அடுக்களைக்குப் போயிருந்தேன்.

அவ்வளவுதான். முந்தின சனிக்கிழமையும் அன்றுமாக இரண்டு பேரும் சுரங்கத் தூணுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, உன் கேடயத்தைக் கழியில் கட்டி வெளியே நீட்டி, டிராகனை ஊதவைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறை ஊதியதும் லிஃப்ட் தாளில் ஒரு கோடு. நடுநடுவே நான் பகடையை உருட்டுவதையும் பார்த்தார்கள். ஏதோ கணக்கு என்று விட்டுவிட்டார்கள். பேச்சை மிச்சம் பிடிப்பதால், இது என்ன கோடு என்று நானும் கேட்கவில்லை. ஆறாவது கோடு விழுந்தது. லிஃப்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். வில்லாளி வெளியே வந்து, டிராகனுக்கு நேர் எதிரே, திருமணத்துக்குப் புகைப்படம் எடுப்பவன் மாதிரி நிதானமாகக் குறி பார்க்கிறான்.

டிராகனின் முறை வந்தது. பகடையை உருட்டினேன். ஆறு.

வில்லாளி புதிதாக வெள்ளையடித்த சுவர்போல ஆனான். லிஃப்ட் பாவம், குழந்தை மாதிரி கத்தினார். "ஆறு ஊதியாச்சே! முடிஞ்சு போச்சுன்னுதானே வெளியே வந்தேன்! இது அநியாயம்!" என்றார். மருந்துக்கடை அம்மா நோட்டைத் தூக்கிக் காட்டி, "அஞ்சாறுன்னு போட்டிருக்கு பாரு" என்றார்.

விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் இல்லை. தாளை இழுத்து எழுதினேன். நீ சுருக்கியதை நான் விரித்தேன், வேறென்ன? நாள் 3 என்றால் எண்ணிக்கை. மூன்று முறை மறையலாம், அதோடு சரி, மறுநாள் விடிந்தால்தான் மறுபடி. அதை எண்ணலாம், தீர்ந்துவிட்டது என்று நம்பி வெளியே வரலாம். மூச்சு அப்படி இல்லை. 5–6 என்பது வேளை இல்லை, பகடையில் விழ வேண்டிய முகம். ஒரு முறை ஊதிவிட்டால் அந்தத் திறமை இல்லை. பிறகு தன் முறை வரும்போதெல்லாம் பூதத்துக்காக ஒரு பகடை. ஐந்தோ ஆறோ விழுந்தால் மூச்சு திரும்பிவிட்டது. ஒன்று முதல் நாலு என்றால் இன்னும் இல்லை, அந்த முறை நகத்தாலும் வாலாலும் ஓட்ட வேண்டும். அடுத்த நிமிடமே வரலாம், பத்து முறை உருட்டியும் வராமல் இருக்கலாம். பெரிய அடியையே ஒவ்வொரு முறையும் அடித்தால் எதிரே நிற்பவன் பிழைக்க மாட்டான், அதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. ஆனால் இனி வராது என்று எவனும் நெஞ்சை நிமிர்த்தி வரவும் கூடாது, அதற்குத்தான் பகடை. எப்போது வரும் என்று பூதத்துக்கும் தெரியாது.

கடைசி வரியாக, "முடிந்துபோகவில்லை. அப்போது இல்லை, அவ்வளவுதான்" என்று எழுதித் தள்ளினேன்.

மருந்துக்கடை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை உரக்கப் படித்தார். பிறகு குளிர்பெட்டிப் பக்கம் திரும்பி, "அப்ப அந்தப் படிவத்துல மட்டும் ஏன்டி முடிஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுக்கப் போறே?" என்றார்.

தம்பி, எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குக் குரல் தேவையில்லை என்பது ஒரு வசதி. லிஃப்ட் பதறிப்போய், வில்லாளி செத்தது தனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று சமாதானம் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான், எதையும் ஒரு மாடி தள்ளித்தான் புரிந்துகொள்வார்.

திங்கட்கிழமை போய்ப் படிவத்தை மேலாளர் மேஜையில் வைத்தேன், கையெழுத்தில்லாமல். அன்று குரல் இருந்தது, கரகரவென்று, ஆனாலும் இருந்தது. மூன்று விஷயம் சொல்லலாம் என்று மனப்பாடம் செய்து போனதில் ஒன்றைத்தான் சொன்னேன். என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லிச் சோதிக்காதீர்கள், காலை ஷிஃப்ட் முழுவதும் வந்து உட்காருங்கள் என்றேன். குரல் இருக்கும்போது நான் அறிவிப்பேன், இல்லாதபோது மணியடித்துப் பலகையில் எழுதுவேன். எந்த வண்டியும் யாருக்கும் தெரியாமல் கிளம்பாது என்று மீதியை எழுதி நீட்டினேன். மணிக்கு லிஃப்ட் ஏற்பாடு செய்திருக்கிறார், கழற்றிப் போட்ட ஒரு பழைய லிஃப்டின் மணி. அடித்தால் தூங்குகிறவனும் தன் மாடி வந்துவிட்டதென்று எழுந்துவிடுவான். குரல் நன்றாக இருக்கிற நிமிடங்களில் ஒவ்வொரு நடைமேடைக்கும் என் குரலிலேயே அறிவிப்பைப் பதிந்து வைக்கிறேன். பதினான்கில் ஒன்பது முடிந்தது. பதிவு செய்த குரல்தான் வேண்டுமென்றால் அதுவும் என் குரலாக இருக்கட்டும்.

மேலாளர் கெட்டவர் இல்லை. தலையைச் சொறிந்தார். "சரிம்மா, அடுத்த மாசம் முதல் புதன்கிழமை மூணு பேர் வந்து முழு ஷிஃப்டும் உட்காருவாங்க. ஆனா உங்க வீட்டு ஆளே முடியாதுன்னு சொன்னது கோப்புல இருக்கே, அதை என்ன செய்யறது?" என்றார். அதை வைத்தவன் எடுப்பான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மற்றபடி வீட்டுச் செய்தி என்ன? பால்கனிக் குழாய் ஒழுகுவது நின்றது. உன் புத்தகப் பெட்டியில் கரையான் ஏறியிருந்தது, எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் வைத்தேன். இரண்டு புத்தகம் போயிற்று. எவை என்று சொன்னால் நீ அழுவாய். மருத்துவர் போன வாரம் மறுபடி கேமரா விட்டுப் பார்த்தார். "கொஞ்சம் அசையற மாதிரி இருக்கு" என்றார். மாதிரி என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னாரா, விழுங்கினாரா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

நீ ஏன் போன் செய்தாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்த அன்று நீ வந்திருந்தாய். நான் உன்னைக் கூப்பிட வாயைத் திறந்து, சத்தம் வராமல் போனபோது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மறுபடி ஊர் முன்னால் எனக்கு அப்படி நேரக் கூடாது என்று நினைத்திருப்பாய். பாசம்தான். ஆனால் தம்பி, அது உன் பயம். உன் பயத்துக்கு என் கையெழுத்தைக் கேட்காதே. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை மூன்று பேர் எதிரே ஒரு சொல்கூட வராமல் போகலாம். அப்படிப் போனால் அதை என் வாயால்தான் தோற்பேன், உன் வாயால் இல்லை.

ஆகவே நீ ஒன்று செய்ய வேண்டும். மேலாளருக்கு ஒரு கடிதம் எழுது. அக்காவால் முடியும் என்று எழுதாதே, அது உனக்குத் தெரியாது. முடியாது என்றும் உனக்குத் தெரியாது. "என் அக்காவால் முடியுமா, முடியாதா என்று எனக்குத் தெரியாது, அவளைக் கேளுங்கள்" என்று ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, இந்த வாரமே அனுப்பிவிடு. இதைவிடப் பெரிய உதவி எதையும் உன்னிடம் நான் கேட்டதில்லை.

உன் மனைவியின் கடிதமும் வந்தது. பாப்பா எந்நேரமும் வீடே அதிர அழுகிறாள், பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள், என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல். பசியா, வயிற்று வலியா என்று பாருங்கள், தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாயைப் பொத்தாதீர்கள். அழட்டும், கத்தட்டும், தெருமுனைவரை கேட்கட்டும். நூறு வயது வரைக்கும் அவள் கூப்பிட்டால் கூப்பிட்ட சத்தம் வரட்டும். அத்தை இப்படி ஆசீர்வாதம் அனுப்பினாள் என்று அவள் காதில் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா,
நிலைய அறிவிப்பாளர்.