கடைசி எழுத்தைப் பிடி

நேற்று ட்ரம்ஸின் சிம்பல் தட்டுகளை வைக்கும் உறையைத் துவைக்கப் போடலாம் என்று உதறினேன். அடியிலிருந்து ஒரு பஞ்சுக் குல்லா விழுந்தது. மைக்கின் தலையில் மாட்டுவோமே, அது. உன்னுடையது. விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, என்ன வாசனை மிஞ்சியிருக்கப் போகிறது? ஆனாலும் எனக்கு மணலும் இரும்பும்தான் அடித்தது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

1991இல் நம் ஆர்கெஸ்ட்ராவில் நீ பாட்டு, நான் ட்ரம்ஸ். கோரஸுக்குத் தனியாக ஆள் வைக்க வக்கில்லாத குழு. சர்ச்சில் செகண்ட் வாய்ஸ் பாடிப் பழகியவன்தானே என்று அதையும் என் தலையில் கட்டினாய். கை ரெண்டு, கால் ரெண்டு, நாலும் நாலு வேலை செய்யும்போது வாய் வேறு பாட வேண்டும் என்றால் சும்மாவா? வாயைத் திறந்தால் கை இழுத்தது. கையைக் கவனித்தால் சுருதி போனது. "பாடும்போது அடிக்கிறத மறந்துடு, அடிக்கும்போது பாடுறத மறந்துடு" என்பாய். ரெண்டையும் மறந்துவிட்டால் நான் எதற்கு என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வார்ப்படக் கம்பெனியில் உனக்கு, இரும்பு வார்ப்புகளின் மேல் மணலைப் பீய்ச்சித் துலக்கும் வேலை. மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் காப்பு. ஷிப்ட் முடிந்து நேராகக் கச்சேரிக்கு வருவாய். சோப்புப் போட்டுக் கழுவிய முகத்திலும் இமையோரம் சாம்பல் பூத்திருக்கும். மைக் குல்லாக்களை அலசுவது என் பொறுப்பு. என்னுடையது ரெண்டு அலசலில் சுத்தமாகிவிடும். உன்னுடையதில் எத்தனை அலசினாலும் சாம்பல் தண்ணீர் வந்தது, வாளியின் அடியில் நறநறவென்று ஏதோ தங்கியது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊர்ப் புழுதிடா என்றாய். நானும் கொட்டிவிட்டேன்.

ஐப்பசி வாக்கில் உன் வரிகள் முடியாமல் நிற்கத் தொடங்கின. கடைசி நெடிலை நீட்ட உனக்கு மூச்சில்லை. முதல் தடவை அப்படி ஆனபோது, யோசிக்காமல் என் மைக்கில் நானே அதை நீட்டிவிட்டேன். பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்தாய்.

"கடசி எழுத்த நீ புடி மச்சான். மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

அதுவே நமக்குள் வழக்கமாயிற்று. சுண்டுவிரலை மைக்கிலிருந்து தூக்குவாய், நான் பிடித்துக்கொள்வேன். உன் குரல் எங்கே விட்டது, என் குரல் எங்கே தொட்டது என்று கீபோர்டுக்காரருக்கே தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதில் அத்தனை பெருமை. கார்த்திகையில் வரிக்கு வரி விரல் தூக்கினாய்.

இப்போது எங்கள் தெருவில் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகின்றன. ஜன்னல் கம்பியில் படியும் தூசியைத் தினமும் விரலால் தொட்டு, தேய்த்துப் பார்க்கிறேன். வீட்டில் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

பென்னலூர் ரிசப்ஷனை நீ மறந்திருக்க மாட்டாய். குடம் தூக்கினாலே உனக்கு மேல்மூச்சு வாங்குகிறது, அந்த வேலையை விடு என்று உன் மனைவி மன்றாடிக்கொண்டிருந்தாள். தை பிறந்தால் பர்மனென்ட் என்று உனக்கு ஆசை. மேடையில் ஒரு வரி நின்றால்கூட மறுநாளே வேலைக்கு முழுக்கு என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதை என்னிடமே சொல்லிக் கண்ணடித்தாய். எல்லாம் தெரிந்துதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். உன் வாயையே பார்த்தாள். ஒன்பது பாட்டு. ஒரு வரியைக்கூட நான் நிற்க விடவில்லை.

கிளம்பும்போது என்னிடம் வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"நான்தான் சும்மா பயந்துகினு இருந்தேண்ணே. நல்லாத்தான் பாடுறாரு."

நான் தலையாட்டினேன். பாவி, தலையாட்டினேன்.

தையில் பர்மனென்ட் ஆனாய். மாசியில் மைக் முன்னால் நிற்க முடியவில்லை. நுரையீரல் முழுக்க மணல்தூசு, முன்னாடியே அந்த இடத்தை விட்டு வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உனக்குப் பேச்சில்லை. போர்வை மேலிருந்து சுண்டுவிரலை மட்டும் தூக்கினாய். நான் வாயைத் திறந்தேன். எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கு உன் வரிகளை முடித்தது நான்தான் என்று உன் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு சர்ச்சில், வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பாடினாள். நான் ட்ரம்ஸில் இருந்தேன். மூன்றாவது அடியில் கடைசி எழுத்துக்கு முன்னால் அவள் குரல் நின்றது. என் வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டேன். அவள் விட்ட இடம் காலியாகவே கிடந்தது, அத்தனை பேரும் கேட்டார்கள். ஆராதனை முடிந்ததும் கண் கலங்க என்னிடம் வந்தாள்.

"நீங்க புடிச்சிருக்கலாம்ல அங்கிள்? மானமே பூட்ச்சி."

"அத வுடும்மா," என்றேன். "கம்பெனில நீ எந்த செக்‌ஷன்?"