வாப்பா துரு தேய்க்கிறார்

அன்பு மகன் சுஐபுக்கு, கீழக்கரையிலிருந்து உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நானும் வாப்பாவும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் இல்லை. நீ போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் டூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால் லீவு முடிந்து துபாய் திரும்பும் உன் கூட்டாளி கபீர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மகனே, உன் கம்பெனி மூடியதும் நீ வேலையில்லாமல் கபீர் ரூமில் படுத்துக் கிடப்பதும் எங்களுக்குத் தெரியும். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, சாப்பிட வந்த பிள்ளையை நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். வாப்பா அதைக் கேட்டதும் கையைக் கழுவிவிட்டுப் போனார். மறுநாள் சுபுஹு தொழுது வந்ததும் மாடிப்படிக்கு அடியில் கிடந்த உன் டூல்ஸ் பெட்டியை இழுத்துப் போட்டார். நீ போட் இன்ஜின் வேலையை விட்டதிலிருந்து திறக்காத பெட்டி, கடல்காற்றில் ஸ்பேனரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் நிறத்தில் இருந்தது. என் வினிகர் பாட்டில் காலி, சோற்றுச் சட்டியில் குறடு ஊறுகிறது. நாள் முழுக்கக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளுமாக வறட்டு வறட்டென்று தேய்க்கிறார், அந்தச் சத்தத்தில் அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே எனக்கு மறந்துபோகிறது. சாப்பாட்டிலும் பாதியில் எழுந்துபோய் எதையாவது திருகிப் பார்க்கிறார். முந்தாநாள் பைப் ரெஞ்சின் பல் உள்ளங்கையைக் கிழித்து ரத்தம், ஊசி போட்டுக் கூட்டி வந்தேன், கட்டோடு மறுபடி உட்கார்ந்துவிட்டார். "பழைய இரும்புக்குப் போடச் சொன்னதே நீங்கதான, இப்ப யாருக்காக இந்தப் பாடு" என்று சத்தம் போட்டேன். அவர் அடுத்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு படகுக்கார காஜா நவாஸ் வந்தார். எண்ணெய் பூசிச் சாக்கில் பரப்பியிருந்த டூல்ஸைப் பார்த்து, மொத்தமாக நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். வாப்பா தலையைத் தூக்காமல், "விக்கிறதுக்கு இல்ல. மகன் வாரான்" என்றார். எப்போது வருகிறான் என்று அவர் கேட்க, வாப்பா என்னைப் பார்த்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன், ராத்திரி இருவரும் தூங்கவில்லை.

ஊர் என்ன சொல்லுமோ என்றுதானே அங்கே கிடக்கிறாய், சொல்லிவிட்டுப் போகட்டும். விசா முடியுமுன் கிளம்பி வா. காரணம் யாரும் கேட்க மாட்டோம், தேதியை மட்டும் சொல். வேளைக்குச் சாப்பிடு, கபீரிடம் தொதல் அல்வா கொடுத்திருக்கிறேன், ரூமில் எல்லாருக்கும் பங்கு வை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தும் ஸலாமத்தும் தரட்டும்.

இதை மடிக்கும்போது வாப்பா வந்து நின்றார். நீங்களும் ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை. "பதினாலாம் நம்பர் ஸ்பேனரக் காணோம். எங்கன வச்சான்னு எனக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லு" என்றார். தன் பேச்சை மீறி நீ வெளிநாடு போனதிலிருந்து உன்னோடு பேசாத மனுஷன், எனக்குப் போடச் சொல்லு என்கிறார். போடு மகனே, இன்றைக்கே போடு.

துஆவுடன்,
உன் உம்மா
உம்மு ஹபீபா