நல்லெண்ணெய் என்று அடித்த லேபிள்

மே 21, புதன்

சாயங்காலம் மாங்காய் ஊறுகாய் பாட்டில்களுக்கு டைப்ரைட்டரில் லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன். ஊறுகாய் போடும் என் மனைவி மலர் சாதாரணமாகச் சொன்னாள். "போன தடவ நல்லெண்ணெய் பத்தலங்க. கொஞ்சம் கடலை எண்ணெய் ஊத்திட்டேன்."

என் கை நின்றுவிட்டது. அந்த லேபிள்களிலும் ‘சுத்தமான நல்லெண்ணெய்’ என்றுதான் அடித்திருந்தேன். அதைப் படித்துப் பார்த்துத்தான் பேரணாம்பட்டு ஸ்டெல்லா டீச்சர் ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் வாங்கிப் போனார். அவர் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒருமுறை மூச்சு அடைத்து, வேலூர் வரை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். எதையோ மென்றுகொண்டிருந்தாள். "ஊறுகாய் சாப்ட்டியாம்மா?" என்று கத்தியேவிட்டேன். அவள் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் உள்ளே போய் பாட்டிலை எடுத்து வந்தார். மூடி திறக்கப்படவில்லை.

"நாளைக்கு ஊருக்குப் போறோம் சார். ட்ரெய்ன்ல சாப்பிட இதத்தான் எடுத்து வச்சிருந்தேன்" என்றார். திட்டவில்லை. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வீடு திரும்பிச் சொன்னதும், "தொறக்கலல்ல? அப்புறம் இன்னா?" என்றாள் மலர். மற்ற பாட்டில்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டேன். யோசித்து யோசித்து நாலு பெயர் சொன்னாள். நாலு பேருக்கும் போன் செய்து சொல்லிவிட்டோம். பிறகு அவள் முகம் மாறியது. "ஷூ கம்பெனி பஸ்ல போற பொண்ணுங்க ரெண்டு பேர் வாங்கினாங்க. பேரு கேக்கலியே."

விடிவதற்குள் அந்த பஸ் எங்கள் மாதனூர் ஸ்டாப்புக்கு வந்துவிடும். மலர் அலாரம் வைத்திருக்கிறாள். இருவரும் போய் நிற்கப்போகிறோம். அவள் இன்னும் தூங்கவில்லை.