மண் தின்றதால் அல்ல, அம்மா

என் ஆசை அம்மாவுக்கு,

நீ மண் தின்றதால் சாகவில்லை. இதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்றுதான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

மருத்துவக் கல்லூரியில் எனக்கு இப்போது நோயியல் பாடம். உடம்புக்குள் நோய் எப்படிப் படிப்படியாக வேலை செய்கிறது என்று சொல்லித்தருகிற பாடம். அதில் கொக்கிப்புழு பற்றி ஒரு பக்கம். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலைக் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் குடிக்கும். ஆளுக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும். கடைசியில் ஒரு வரி: ரத்தத்தில் இரும்பு குறைந்தவர்களுக்கு மண் தின்னும் ஆசை வரும்.

நாம் தலைகீழாக அல்லவா நம்பினோம்? மண் தின்கிறாள், அதனால்தான் சோகை என்று. நீ சுவரைச் சுரண்டித் தின்பதை அப்பாவிடம் போட்டுக்கொடுத்தது நான். சுவர் முழுக்க வேப்பெண்ணெய் பூசியதும் நான்தான், பத்து வயதில், பெரிய சாமர்த்தியம் செய்கிற நினைப்பில். நீ திட்டவில்லை. "வாயெல்லாம் ஊறுது பாப்பா, நான் இன்னா பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்டாய்.

ஆண்டையின் கரும்புக் கொல்லையில் கட்டுத் தூக்க முடியாமல் நீ உட்கார்ந்தால், "சோம்பேறிக் கழுத" என்பார். அவருடைய வரப்பை மிதிக்கும்முன் நம் சனம் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். புழு அங்கேதான் இருந்தது. தம்பியைப் பெற்ற அன்று, மற்ற பெண்கள் தாங்கிக்கொள்ளும் உதிரப்போக்கை உன்னால் தாங்க முடியவில்லை. உடம்பில் ரத்தம் இருந்தால்தானே? "மண்ணு தின்னவ எப்புடிப் பொழைப்பா?" என்று எழவு வீட்டிலேயே பேசினார்கள். நானும் தலையாட்டினேன்.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. உன் நகம், உன் கண் இமை, உன் கணுக்கால் என்று உன்னையே எழுதினேன். வகுப்பில் அதிக மதிப்பெண் எனக்குத்தான். "கோட்டாவுல வந்தவளுக்கு இவ்ளோ மார்க்கா?" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். யாரைப் பறிகொடுத்து வாங்கிய மார்க் என்று அவனுக்கென்ன தெரியும்?

இப்போது இன்னொரு சாதியார் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், கல்லூரிக்கு விடுமுறை. கள்ளக்குறிச்சி வரைக்கும்தான் பஸ் வந்தது, அங்கிருந்து நடந்தே ஊர் வந்தேன். தங்கச்சி மல்லிகா ஆறு மாதக் கர்ப்பம். அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. முந்தானையில் செம்மண் முடிந்து வைத்திருந்தாள். "அப்பாகிட்ட சொல்லாதக்கா" என்று அழுதாள்.

மறுநாளே மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மரம் கிடந்த இடத்தில் காவலிருந்தவர்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பாத்துப் போங்கம்மா" என்று கிளைகளை இழுத்து வழிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்து, புழுவுக்கும் சோகைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். பிரசவம் வரை வேலையே கூடாது என்றார்கள்.

ஆண்டையிடம் போய், அவளுக்கு ஓய்வு வேண்டும், மற்றவர்களையாவது செருப்போடு இறங்க விடுங்கள் என்று சொன்னேன். "அவ வரலன்னா வேற ஆள் போட்டுக்கறேன். செருப்பு போட்டுக்கினு எறங்கறதுன்னா எவளும் வர வாணாம்" என்றார். மல்லிகாவோ, "வேல போயிட்டா அப்பறம் யாரு குடுப்பாங்கக்கா? நான் போறேன்" என்கிறாள். அப்பா அவளைத் தடுக்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். உன் பிரசவத்துக்கு முந்தின வாரம் நீ கொல்லைக்குப் போனபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார், இல்லையா?

அம்மா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பிள்ளை பெற்று எழுந்திருக்கும்வரை மல்லிகா அந்தக் கொல்லையில் இறங்க மாட்டாள். கல்லூரி எப்போது வேண்டுமானாலும் திறக்கட்டும். நாளைக் காலை அவளுடைய இடத்தில் நின்று நான் கரும்பு வெட்டப்போகிறேன். செருப்போடுதான் இறங்குவேன். கழற்றச் சொல்கிறவர் குனிந்து, என் காலிலிருந்து தம் கையாலேயே கழற்றட்டும்.

உன்னைக் காட்டிக்கொடுத்த மூத்த மகள்,
அஞ்சலை