மழையில் தானாக அடிக்கும் பெல்

இன்று மாலை மழையில், தோழிகள் நாம் இருவரும் வாடகைக்குச் சேர்ந்திருந்த இந்த ஈஜிபுரா வீட்டுக் காலிங் பெல் மறுபடியும் தானாக அடித்தது. திறந்து பார்த்தேன், யாரும் இல்லை. "ஓனர் இந்த ஜென்மத்துல மாத்த மாட்டாருடி" என்று நீ அலுத்துக்கொள்வது நினைவுக்கு வந்தது. பயப்படாதே, நினைவைத்தான் சொல்கிறேன், காதில் விழும் குரலை அல்ல!

சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ. திரும்பி வராத கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு மனம் கலங்கியிருந்த அந்த நாட்களில் கம்பெனி கேப் ஒன்று இண்டிகேட்டர் போட்டால் அது எனக்கான சைகை. என்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று எலெக்ட்ரானிக் சிட்டி வேலைக்கே போகாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். நீ சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. "நீ பயப்படறது நெஜம்டி. ஆனா எனக்கு அது வெறும் வண்டியாத்தான் தெரியுது" என்றாய். எனக்காகக்கூடப் பொய் சொல்லாதவள் என்றுதான் உன்னை நம்பி டாக்டரிடம் வந்தேன்.

மூளையில் டோபமின் என்று ஒன்று, 'இது முக்கியம், கவனி' என்று நமக்கு உணர்த்துகிறது, அதை வைத்துத்தான் பலதையும் கற்றுக்கொள்கிறோம் என்றார் அவர். அது காரணமில்லாமல் பொங்கினால் ஒன்றுமில்லாததும் பெரிய சேதியாகிவிடுமாம். இது நோயின் ஒரு பகுதிதான், முழுக் கதை இல்லை என்றும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது நீ சுருக்கிவிட்டாய். "நம்ம வீட்டு பெல்லு மாதிரிதான். ஆளே இல்லாம அடிக்குது, நீ யாரு யாருன்னு கதை கட்டற."

மாத்திரையில் அந்தப் பதற்றம் அடங்கியது. வண்டிகளின் மேலிருந்த சந்தேகம் மட்டும் போகவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று அழுதேன். "பெல்லு நின்னுடுச்சு. ஓடிப் பழகின காலு நிக்க நாளாவும்" என்று சிக்னல் பக்கத்து டீக்கடைக்கு இழுத்துப் போனாய்.

"இண்டிகேட்டர் போட்டுட்டான். எங்க போவான், சொல்லு?" என்றாய், ஒரு கேப்பைக் காட்டி.

"நம்ம வீட்டுக்கு."

வண்டி பேக்கரிப் பக்கம் திரும்பி, தூக்கக் கலக்கத்தில் நின்ற ஒரு பையனை ஏற்றிக்கொண்டு போனது. "அப்புறம்?" என்பாய், டீயை உறிஞ்சிக்கொண்டே. தினமும் இதே கூத்து. ஒவ்வொரு வண்டியும் என் கணக்கைப் பொய்யாக்கியது, நானும் மெல்லத் தெளிந்தேன். மாத்திரை இன்றும் உண்டு. அதே கேப்பில்தான் வேலைக்கும் போகிறேன்.

நீ போனபின் எனக்கிருந்த ஒரே பயம், எது நிஜம் என்று இனி யாரைக் கேட்பது என்பதுதான். இன்று பெல் இரண்டாம் முறை அடித்தபோது, "உனக்குக் கேட்டுச்சா?" என்று திரும்பினேன். உன் கட்டில் காலி. நேராகப் போய் எதிர்வீட்டுக் கன்னட ஆண்ட்டியின் கதவைத் தட்டினேன்.

"ஆண்ட்டி, எங்க வீட்டு பெல் சத்தம் உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதம்மா! மொதலு ஆஃப் மாடு, தலை வலிக்குது!"

அவர் கன்னடத்தில் சொன்னபடி முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், நிம்மதியில்தான். நீ இல்லாமலும் என்னால் முடிகிறதுடி. அதைச் சொல்வதற்கு மட்டும் நீ வேண்டியிருக்கிறது.