தைக்காத ரவிக்கைத் துணி

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், இங்கே நானும் சுகம் என்று எழுதினால் அது பொய். மழை பெய்து தக்காளிச் செடி பாதி அழுகிவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. நீ சத்து மாத்திரையை விடாதே, மாடிப்படி வேகமாக ஏறாதே.

என் போனில் பேசுவதெல்லாம் பதிவாகிற மாதிரி உன் அண்ணன் அருண்குமார் ஏதோ செய்து வைத்திருக்கிறான். அதனால்தான் போன வாரம் மாரண்டஹள்ளிக்குப் போய்த் தையல்கார மெஹ்ஜபீன் போனில் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்னைப் பேசவே விடவில்லை. அண்ணனே கூப்பிட்டாம்மா, கோவமெல்லாம் போயிடுச்சாம், சீராத்தா திருவிழாவுக்கு வந்து சீர் வாங்கிக்கச் சொல்றாம்மா என்று அழுதுகொண்டே சிரித்தாய். பக்கத்தில் நம் ஊர் செல்லம்மாள் ஜாக்கெட் வாங்க உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி சாமி என்று வைத்துவிட்டேன். அந்த ஒரு சரி இன்றுவரை நெஞ்சை அறுக்கிறது. ஆடி மூன்றாம் வெள்ளிக்கு நீ வராதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சீராத்தா கதை உனக்குத் தெரியாததில்லை, ஆனால் பம்பைக்காரர் பாடுகிற மாதிரி கேட்காமல் நான் சொல்கிற மாதிரி கேள். அவள் இந்த ஊர்ப் பெண். உன்னைப் போலவே வேறு சாதிக்காரனோடு போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிழைத்தாள். அண்ணன்கள் மூன்று பேரும் கோபம் தணிந்தது, சீர் வாங்க வா என்று ஆள் விட்டார்கள், வரவில்லை. அம்மா சாகக் கிடக்கிறாள் என்று மறுபடி ஆள் விட்டார்கள், ஓடி வந்தாள். ஊர் எல்லையில் தானாகவே கிணற்றில் இறங்கித் தெய்வமானாள் என்று பாட்டு முடிகிறது. மூன்று தடியன்கள் சுற்றி நிற்க ஒருத்தி எப்படித் தானாக இறங்குவாள்? கிணற்றைத் தூர்த்துக் கோயில் கட்டினார்கள். கொன்ற அந்த அண்ணன்களின் வம்சமான நம் வீட்டு ஆண்களுக்குத்தான் வருடா வருடம் பரிவட்டமும் முதல் மரியாதையும், வெட்கமில்லாமல் தலையை நீட்டுகிறார்கள். சிலை ஊருக்கு முதுகு காட்டி நிற்கிறதே, கல்யாணமாகி வந்த புதிதில் ஏன் என்று கேட்டேன், அவளுக்குக் கோவம் என்றார் உன் அப்பா. கோபமில்லை பூவிழி, அவள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள். இது புரியாமல் இருபத்தெட்டு வருடம் நானும் அங்கே குலவை போட்டிருக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் உன்னைக் கூப்பிடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அருண் இரண்டு சேலை வாங்கி வந்தான், அம்மனுக்குச் சிவப்பு, உனக்குப் பச்சை. நம் வழக்கம் உனக்கே தெரியும், உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு ரவிக்கையை அளவெடுத்துத் தைத்துத்தான் சீர் வைப்போம், சீராத்தாவுக்கு மட்டும்தான் செத்தவளுக்கு அளவேது என்று துணியாகவே வைப்பது. உன் பழைய அளவு ரவிக்கையை எடுத்துக்கொண்டு பச்சைத் துணியைக் கொடுடா, தைக்கக் கொடுத்துட்டு வரேன் என்றேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், அதத் தைக்க வேணாம்மா, துணியாவே வெச்சிடு என்றான். ஏன்டா என்றேன். களி சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் அப்பா தலையைத் தூக்கவில்லை, தட்டையே பார்த்தபடி, சொன்னதச் செய் பானு என்றார். அளவு மாறியிருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருப்பானோ என்று என்னையே சமாதானம் செய்து பார்த்தேன். ஆனால் நீ பிள்ளையாண்டிருப்பது அவனுக்குத் தெரியாதே, நீ மெஹ்ஜபீன் போனில் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லையே. மறுநாள் அவன் கூட்டாளிகள் வந்தார்கள், நான் டீ கொடுக்கும்போதே ஒருவன், என்னம்மா, இந்த வருசம் சீராத்தா பஸ் ஏறி நேர்லயே வராங்களாமே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அருணும் சிரித்தான், என் வயிற்றில் பிறந்தவன்.

ஸ்டேஷனுக்கும் போனேன். பையன் தங்கச்சிக்குச் சேலை எடுத்ததுக்கா கம்ப்ளைன்ட்டு, வூட்டுக்குப் போம்மா என்றார்கள். ரவிக்கைத் துணியைச் சாட்சி என்று எந்தச் சட்டத்தில் காட்டுவேன்?

அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அந்தப் பச்சைத் துணியைத் திருடிக்கொண்டு போய் மெஹ்ஜபீனிடம் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் மற்ற வேலையைத் தள்ளி வைத்து ஒரே மூச்சில் தைத்துத் தந்தாள். இந்தப் பார்சலில் அவள் பெயரில் வருகிறது. மாதம் ஏற ஏற பிரித்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன். போட்டுப் பார். வீட்டில் சீர்ப் பெட்டியைத் திறந்தால் சேலை மட்டும்தான் இருக்கும், அவன் என்னைக் கேட்பான், நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது.

நீ வரவில்லை என்றால் பாட்டில் வருகிற இரண்டாவது சேதியும் உனக்கு வரும். அம்மா ஆஸ்பத்திரியில் என்பார்கள். அம்மா போய்விட்டாள் என்பார்கள், மாலை போட்ட போட்டோகூட அனுப்புவார்கள். வராதே. நிஜமாகவே நான் செத்திருந்தாலும் வராதே, கொள்ளி வைக்க மகன் இருக்கிறான். நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது இருங்கள், பெண் பிறந்தால் அவள் மனம் போல வாழட்டும். டிக்கெட் எடுத்திருந்தால் இன்றைக்கே ரத்து செய்துவிட்டு மெஹ்ஜபீன் போனுக்கு, ரவிக்கை சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல். எனக்குப் புரியும். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

இப்படிக்கு,
இதை எழுதும்போது உயிரோடு இருக்கும் உன் அம்மா
பானுமதி