உன் தோள்மேல் இருக்கிற கை

நேற்றுச் சாயங்காலம் லேஅவுட் ஓரத்தில் வடக்கத்தி வேலையாட்கள் தங்கியிருக்கும் கொட்டகைக்குள் தலையைக் குனிந்து நுழைந்தேன். முதலில் வந்தது அந்த நெடிதான். பகலெல்லாம் வெயிலில் கிடந்த பிளெக்ஸ் பேனர் சாயங்காலத்தில் விடுகிற நெடி. பெயிண்ட் கடையும் பிளாஸ்டிக் குப்பையும் சேர்ந்த மாதிரி தொண்டையில் வந்து உட்காரும். நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் நீ இருந்தாய். தலைகீழாக, சிரித்துக்கொண்டு. நீ போன அன்றைக்கு உனக்குப் போட்ட கண்ணீர் அஞ்சலி பேனர், அச்சடித்த பக்கம் உள்ளே தெரிகிற மாதிரி அவர்களுக்குக் கூரையாகியிருந்தது.

சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் ஏரிப் பக்கம் இறங்கியிருக்கின்றன, இங்கே படுக்காதீர்கள், பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். நம் விளையாட்டு மன்றம் இன்றைக்கு உருப்படியாகச் செய்கிற ஒரே வேலை அது. அதுவும் நீ ஆரம்பித்து வைத்தது. பின் சீட்டிலிருந்து நீ, யானை வந்திருக்கிறது என்பதை, 'ஏனுகுலு ஒச்சினாயி' என்று ஒரு தெருவுக்குத் தெலுங்கில், 'ஆனெ பந்திதே' என்று அடுத்த தெருவுக்குக் கன்னடத்தில், நடுவில் பைக்கை மெதுவாக ஓட்டுகிற எனக்குத் தமிழில் ஒரு திட்டு. இப்போது நான் சொல்கிறேன். இந்தியும் சேர்ந்துகொண்டது. 'ஹாத்தி ஆயா' என்று ஆரம்பித்தவன் உன்னைப் பார்த்ததும் மீதியைத் தமிழிலேயே சொல்லி முடித்தேன்.

அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் செயலாளர் முத்திரை இருந்தது. ஒரு வாரமாக அதை வீட்டில் வைக்கப் பயந்து கூடவே எடுத்துக்கொண்டு திரிகிறேன். உனக்குத் துணைத்தலைவனாக இருந்தவன்தான் இப்போது தலைவன். அவன் ஒரு கடிதத்தைத் தட்டச்சடித்து எடுத்துக்கொண்டு என் பின்னால் அலைகிறான். ஏரிக்கரைப் புறம்போக்கில் மன்றத்துக்கு எந்தக் காலத்திலும் மைதானம் இருந்ததில்லை, அங்கே யாரும் விளையாடியதுமில்லை என்று அதில் இருக்கிறது. செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமாம். மைதானத்தில் சாலை போட்டதை எதிர்த்து நான் கலெக்டருக்குப் போட்ட மனுவின்மேல் விசாரணைக்கு வரப்போகிறார்கள். வருவதற்குள், நாம் ஆடியதே பொய் என்று நானே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் நீ இல்லை. செத்துப்போன ஆளுக்கு எவ்வளவு வசதி பார்.

நமக்குள் வேலைப் பங்கீடு ரொம்ப எளிது. 'நீ எழுதுடா, நான் பேசறேன்' என்பாய். டோர்னமெண்டுக்குப் போலீஸ் அனுமதி, தெருவிளக்குக்கு மனு, ரத்ததான முகாமுக்கு அழைப்பு எல்லாம் என் எழுத்து. அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, எதிரில் இருக்கிறவர் எந்த பாஷைக்காரர் என்று பார்த்து அந்த பாஷையில் சிரிக்கிற வேலை உன்னுடையது. பஸ்ட் ஷிப்டு முடிந்து வந்த கையோடு ஏரிக்கரையில் சீமைக்கருவேலத்தை நாம்தான் வெட்டினோம். முள் குத்திய கையோடு அடுத்த நாள் மெஷினில் நின்றோம். கெஞ்சி வாங்கின பழைய பைப் இரண்டை நட்டு வாலிபால் நெட்டைக் கட்டினதும், 'டேய், இது இப்போ கிரவுண்டுடா' என்று சொல்லிவிட்டு மண்ணிலேயே மல்லாந்து படுத்தாய். வாழ்க்கையில் நாம் சொந்தமாகச் செய்த ஒரே பொருள் அதுதான். கம்பெனியில் செய்ததெல்லாம் யாரோ ஓட்டுகிற வண்டிக்குள் போய்விட்டது.

பிளெக்ஸ் என்றாலே உனக்கு ஆகாது. டோர்னமெண்டுக்கு முன்னால் பந்தைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள், பேனரில் யார் படம் எந்த வரிசையில் என்றுதான் அடிதடி. சாவுக்குப் போடுகிற பேனரைப் பார்த்தால் உனக்கு இன்னும் எரியும். 'செத்தவன் மூஞ்சி தீப்பெட்டி சைசு, கீழ கும்புட்டுக்கினு நிக்கறவன் மூஞ்சி கதவு சைசு. நான் செத்தா எவனாவது பிளெக்ஸ் போட்டீங்க, எழுந்து வந்து கிழிப்பேன்' என்றாய். போட்டார்கள். நீ எழுந்து வரவில்லை. அதுவும் உன் வாய்ச்சவடாலில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

லேஅவுட்காரர் முதலில் ஜெர்சியோடுதான் வந்தார். முதுகில் அவர் மனைப்பிரிவின் பெயர். அப்புறம் மன்றத்துக்குக் கட்டிடம், ஜிம் சாமான் என்று பேச்சு வளர்ந்தது. அவர் மனைகளுக்குப் போக மெயின் ரோட்டிலிருந்து ஒரு வழி வேண்டும். வழி நம் மைதானத்தின் நடுவில் இருந்தது. நீ முடியாது என்றாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் எப்போதும் கூட்டம், அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றாய்.

துணைத்தலைவனும் அவன் ஆட்களும் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை. நாம் இருவரும் எந்த வாரம் எந்த ஷிப்டு என்பது ஊருக்கே தெரியும். கம்பெனி கேட்டில் போனை லாக்கரில் வைக்கக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்பதும் தெரியும், ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் அப்படிப் போகிறவர்கள்தான். புதன்கிழமை காலையில் நாம் உள்ளே போன பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் அவசரக் கூட்டத்துக்கு அழைப்பு. நாம் வெளியே வருவதற்குள் தீர்மானம். டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கி ஆன் பண்ணினோம். மைதானத்தின் வழியாகச் சாலை போட மன்றம் ஏகமனதாகச் சம்மதிக்கிறது, புதிய தலைவருக்கு வாழ்த்துகள். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். நீ தள்ளிக்கொண்டே போனாய், கட்டைவிரல் முடியவேயில்லை.

"ஏகமனதாமே," என்று சிரித்தாய். "நம்ம ரெண்டு மனசும் லாக்கர்ல இருந்துச்சி போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே ராஜினாமா எழுதுகிறேன் என்றேன். என்னை மட்டும் அவர்கள் நீக்காமல் விட்டிருந்தார்கள். பாசத்தால் இல்லை, மனு எழுத அவர்களுக்கும் ஒரு ஆள் வேண்டும். கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் வைத்துத்தான் நீ சொன்னாய்: "தலைவரு நாற்காலிய அவனுங்களே வெச்சிக்கட்டும். நீ செயலாளர விட்றாத. சீலு நம்மகிட்ட இருக்கணும்."

சொல்வது சுலபம். அதற்குப் பிறகு அவர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் கூட்டத்துக்கு நிகழ்ச்சிக் குறிப்பு எழுதி, அவர்கள் வாங்கித் தந்த டீயைக் குடித்தது நான். 'ரெண்டு பக்கமும் ஆடறான்' என்ற பேச்சையும் நான்தான் கேட்டேன். நீ நியாயவானாக வெளியே நின்றாய்.

ஒருமுறை நீயும் கேட்க வேண்டியதாயிற்று. மைதானத்தில் ஜல்லி கொட்டிய அன்று நீ லாரிக்கு முன்னால் போய் நின்றாய். புதுத் தலைவன் வந்தான். "உங்க பள்ளிவாசல் தெருவுல ஆடறவனே நாலு பேரு. ஊரு கிரவுண்டு மேல உனக்கு எதுக்குய்யா இவ்ளோ அக்கறை?" என்றான். உன் தாத்தா வைத்த மளிகைக்கடையில் கடன் சொல்லி வளர்ந்த குடும்பம் அவனுடையது. உங்க தெரு, ஊரு என்று அவன் அன்றைக்குத்தான் பிரித்தான். இத்தனை பாஷை பேசுகிற நீ லாரிக்கு வழிவிட்டு ஓரமாக வந்துவிட்டாய். அன்றைக்கு நீ அவனை ஒரு அறை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு எரியாது.

அப்புறம் அந்த மார்கழிப் பனி. ஹைவேயில் விளக்குப் போடாமல் நிறுத்தின ஒரு லாரி. அந்த வாரம் எனக்கு ஷிப்டு மாற்றியிருந்தார்கள், பைக்கில் நீ தனியாகப் போனாய். இதற்குமேல் இதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புவதற்குள் தெருமுனையில் பேனர் ஏறியிருந்தது. 'ஏரிக்கரை மைதானம் கண்ட எங்கள் நிரந்தரத் தலைவரே!' நிரந்தரமாம். ஒரு புதன்கிழமை காலையில் முடிந்துபோன நிரந்தரம். கீழே புதுத் தலைவன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிடுகிறான். பக்கத்தில் 'மன்றப் புரவலர்' என்று லேஅவுட்காரர். கடைசியில் என்னைக் கேட்காமலே என் படமும். உன் படத்தை டோர்னமெண்டில் நாம் கப்போடு நின்றதிலிருந்து எடுத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். ஆனால் வெட்டினவன் அவசரத்தில் என் கையை விட்டுவிட்டான். உன் தோளில் நாலு விரல் மட்டும், யாருடையது என்றே தெரியாமல்.

உன் அத்தா என்னிடம் வந்தார். "தம்பி, எங்கள்ல இந்த மாதிரி போட்டோ வெக்க மாட்டோம்பா. எறக்கிடச் சொல்லேன்." போய்ச் சொன்னேன். "அவ்ளோ செலவு பண்ணிப் போட்டிருக்கோம், மூணு நாளாவது நிக்கட்டும்" என்றான் தலைவன். நானே கம்பத்தில் ஏறினேன். காலைப் பிடித்து இழுத்தார்கள். சாவு வீட்டுத் தெருவில் சண்டை வேண்டாம் என்று கடைசியில் அத்தாவே வந்து, தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த கையால் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பேனர் மூன்று நாள் இல்லை, புரவலரின் பிறந்தநாள் பேனருக்கு இடம் வேண்டும் என்கிற வரைக்கும் நின்றது. அப்புறம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, நேற்று வரைக்கும்.

கொட்டகையில் இருந்த ஆள் நான் கூரையைப் பார்ப்பதைப் பார்த்தான். தனக்குத் தெரிந்த தமிழில், "பேனர் நல்லா இருக்கு அண்ணா. தண்ணி ஒழுகல" என்றான். உனக்குச் செலுத்தின அஞ்சலியிலேயே உண்மையான வார்த்தை அதுதான்.

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை மச்சான். உன் முகத்துக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்டு தெரிகிறது. நாம் நட்ட பைப் தெரிகிறது. அதற்கும் பின்னால் ஏரிக்கரை, மதகு. மேலே கொட்டை எழுத்தில் 'ஏரிக்கரை மைதானம் கண்ட'. கீழே கும்பிட்டுக்கொண்டு புரவலரும் தலைவனும். மைதானமே இருந்ததில்லை என்று எழுதிக் கேட்கிற ஆட்கள், தங்கள் மூஞ்சி ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், தங்கள் காசிலேயே மைதானத்தை அச்சடித்து, அதற்குக் கீழே தாங்களே நின்றிருக்கிறார்கள். நீ எத்தனை கேலி செய்தாய் அந்த ஆசையை! ஒரே ஒருமுறை அது நமக்கு உதவியிருக்கிறது.

இன்றைக்குக் காலையில் டவுனில் ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போனேன். ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுத்தவர்கள் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ஒழுகாத கூரையை எதற்கு மாற்றுகிறான் இவன் என்று பார்த்தார்கள், ஆனால் ஏறி அவிழ்த்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் புகை பிடித்திருக்கிறது, ஒரு மூலை கிழிந்திருக்கிறது. உன் முகம் மடிந்துவிடக் கூடாதென்று சுருட்டி, பைக்கில் குறுக்கே வைத்து, நேராக உன் வீட்டுக்குப் போனேன். கேட்காமல் எடுத்துப்போக எனக்கு மனசு வரவில்லை.

அத்தா கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நான் விரிக்கவில்லை, என்ன பேனர், எதற்கு என்று மட்டும் சொன்னேன். தராசிலிருந்த பருப்பைத் திரும்ப மூட்டையிலேயே கொட்டினார். "அவன் அங்க நின்னான்னு காட்டறதுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "காட்டு. காட்டிட்டு எங்கிட்ட கொண்டாந்து குடுத்துடு."

நாளைக்குத் திங்கட்கிழமை. கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். லீவு சொல்லிவிட்டேன். போய் வரிசையில் நின்று இதை விரிக்கப் போகிறேன். என்ன நடக்கும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. சாலை போட்டாயிற்று, ஆர்ச் கட்டியாயிற்று. ஜெயித்தாலும் தாரைப் பெயர்த்துவிட்டு அதில் யார் வந்து ஆடப்போகிறார்கள்? நீயா வரப்போகிறாய்? பேசுகிறவன் நீ, எழுதுகிறவன் நான் என்று சொல்லிவிட்டு, பேசுகிற வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனவன் நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் தீராது. ஆனாலும் நாம் ஆடவேயில்லை என்று என் கையால் எழுத முடியாது. அது மட்டும் முடியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. தலைவன்தான். "என்ன செயலாளரே, சீலு போட்டாச்சா?"

"போட்டாச்சி" என்றேன்.

"அப்பாடா, ரொம்ப நல்லதுப்பா" என்று வைத்துவிட்டான்.

பொய் சொல்லவில்லை. பேனர் இங்கே கூடத்தில் விரிந்து கிடக்கிறது. உன் தோள்மேல் நாலு விரல் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் முத்திரையை அழுத்திப் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பிளெக்ஸில் மை சீக்கிரம் காய்வதில்லை மச்சான். ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.